துக்காவைக் காட்டுற வரைக்கும்

தெஸ்தூர்
5 மார்ச் 2018

என் வீட்டுக்காரி மன்னூபியாவுக்கு,

ஸலாம். நீ சொகமா இருப்பே. நான் சொகமா இல்ல. மொதல்லயே சொல்லிட்டேன், இல்லேன்னா மீதியப் படிக்காம மடிச்சு வச்சிடுவே.

நீ போட்டுட்டுப் போன சத்தியத்த முடிவெட்டுற பெல்காசிம்கிட்ட அப்படியே சொன்னேன். "துக்காவைக் காட்டுற வரைக்கும் இந்த மனுசன்கூட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டேன், அல்லா மேல ஆணை." அவன் கத்திய என் கழுத்துல வச்சுக்கிட்டே ரொம்ப நேரம் யோசிச்சான். எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம், "அண்ணே, வாயின்னுதான சொன்னாங்க? கையின்னு சொல்லலியே. எழுதச் சொல்லுங்க"ன்னான். அதனால இந்தக் காயிதம். அல்லாவுக்கும் குத்தமில்ல, உனக்கும் குத்தமில்ல. பேனா பெல்காசிமோடது. எழுத்துல தப்பு இருந்தா அவன வை.

நடந்தத நீயே நெனச்சுப் பாரு. கல்யாண வீட்டுல அந்த பிரெஞ்சுக்காரி என்ன கேட்டா? "ரோமர் காலத்து துக்கா உங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்கே, கொடுத்து வச்சவங்க, அங்க உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" அவ்வளவுதான். நீ சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னே. பொம்பளைங்க சிரிச்சாங்க. அது என் தப்பா? வீட்டுக்கு வந்து நான் சொன்னது வெளையாட்டு. "பழைய கல்லப் பாக்க அவ்வளவு தூரம் போவானேன், வீட்டுலயே ஒண்ணு சாஞ்சு படுத்திருக்கே"ன்னேன். அதுக்கு நீ சிரிச்சிருக்கணும். பையத் தூக்கிட்டு மக வீட்டுக்குப் போறதா?

சரி, காட்டறேன். வாடகை லுவாஜ் வண்டியில ஊரையே ஏத்திக்கிட்டுப் போனவனுக்கு உன்ன ஏத்தத் தெரியாதா? கேட்டுக்க. மெஜஸ் பாலம் இருக்கு. அணைக்கட்டு ஏரி இருக்கு, கொக்கு பாக்கலாம். ரோட்ட ஒட்டியே ஐன் தூங்கா கோட்டை இருக்கு. அதுக்குள்ள மூணு அடுக்குக் கல்லறை ஒண்ணு ஒசரமா நிக்குது, யாரோ ராசாவோடது. துக்காவுல பெரிய கல்லு அரங்கம் இருக்கு. உச்சிப் படியில ஏறி நின்னா கடலு தெரியும், கப்பலு போறது தெரியும். ஆயிரம் தடவ போனவன் சொல்றேன்.

நேரம் எப்படிப் போவுதுன்னு நீ கேக்க மாட்டே. நானே சொல்றேன். காலையில எறங்கிப் போயி பெரிய பள்ளிவாசலுக்கு எதிர்க் காப்பிக்கடையில உக்காந்துடறேன். மினாராவுல இருக்கிற கடியாரந்தான் தொணை. ஒலகத்துக் கடியாரம் எல்லாம் ஒரு பக்கமாச் சுத்தினா நம்மது எதிர்ப்பக்கமாச் சுத்துது, எண்ணும் அப்படியே திருப்பிப் போட்டிருக்கு. வர்றவன் போறவன் எல்லாம் வாயப் பொளக்கிறான். இதுல என்ன அதிசயம்? நாம எழுதறதே வலத்துலேருந்து இடத்துக்குத்தான. வண்டி ஓட்டுன காலத்துல எனக்குக் கடியாரமே தேவப்படல. எட்டு சீட்டு ரொம்பினா அதுதான் கெளம்பற நேரம். வண்டிய வித்தப்புறந்தான் இந்த முள்ளப் பாத்து மணி சொல்லக் கத்துக்கிட்டேன். எண்ணு கண்ணுக்குத் தெரியாது. முள்ளு நிக்கிற எடம் தெரியும், அது போதும்.

போன் போடலாம்னா நீ எடுக்க மாட்டே. என் போனும் போன வாரம் ஏரியில விழுந்துடுச்சு, மீனுங்க பேசிக்கிட்டிருக்கு. இத நம்ம லுவாஜ் பசங்க கையில குடுத்து விடறேன். மாப்பிள்ளைய பாப் ஸாதூன் ஸ்டாண்டுல வாங்கிக்கச் சொல்லு. பதிலயும் அப்படியே அனுப்பு.

உன் பழைய கல்லு,
ஷாத்லி


துனிஸ்
11 மார்ச் 2018

ராதியாவின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமில்லை என்று எழுதியிருந்தீர்கள். ராதியா விசாரித்தாள். இரண்டு வேளை பிரிக் பொரித்துத் தின்கிறீர்களாம். அப்படியென்றால் நலம்தான்.

சத்தியம் மாறவில்லை. எழுதுவதற்குத் தடையில்லை என்று பெல்காசிம் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது. முடிவெட்டுகிறவர் உங்களைவிட மார்க்கம் தெரிந்தவர்.

கல்யாண வீட்டில் சிரித்தார்கள் என்பதற்காக நான் வரவில்லை. அந்தப் பெண் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை, அதற்காகத்தான் வந்தேன். ஜெர்மன்காரர்களைக் கூட்டிப் போனீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போனீர்கள். உங்கள் தங்கையின் மாமியாருக்கு முட்டி வலி, அவரையும் கூட்டிப் போனீர்கள். என்னிடம் மட்டும், "அடுத்த வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்டி." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் முக்காடு போட்டு நிற்பேன். எட்டாவது சீட்டுக்கு யாராவது வந்துவிடுவார்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவீர்கள்.

மாடியில் தெபூர்ஸூக்காரி ஒருத்தி இருக்கிறாள், ஸல்ஹா என்று பெயர். துக்காவின் அடிவாரத்தில் பிறந்தவள். உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது. "அக்கா, அந்த மூணு அடுக்குக் கல்லறை துக்காவுலதான இருக்கு, ஐன் தூங்காவுல எங்க வந்துச்சு? துக்காவுலேருந்து கடலு தெரியுதுன்னா மச்சானுக்கு மூக்குக் கண்ணாடிய மாத்தச் சொல்லு. அவரு எப்பவாச்சும் உள்ள போயிருக்காரா, இல்ல வாசலோட சரியா?" என்று கேட்டாள். எனக்கு இது தோன்றவே இல்லை. இப்போது தோன்றிவிட்டது, போக மாட்டேன் என்கிறது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அரங்கத்தின் உச்சிப் படியில் உட்கார்ந்தால் என்ன தெரியும்? அதை மட்டும் எழுதுங்கள்.

இன்னொரு செய்தி. மாப்பிள்ளை அனீஸுக்குப் பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் புறப்படுகிறார்கள். ராதியா என்னையும் வரச் சொல்கிறாள். "தனியா அந்த வீட்டுல என்னம்மா பண்ணப் போறே? வாப்பா கடியாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு, நீ வாப்பாவப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே" என்கிறாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாகிவிட்டது. நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் பதில் வரட்டும் என்றிருக்கிறேன்.

மன்னூபியா


தெஸ்தூர்
20 மார்ச் 2018

அடியே மன்னூபியா,

லியோனாம். அங்க குளிர்ல உன் மூட்டு என்னாகும்னு ஒம் மக யோசிச்சாளா? சரி, அத விடு.

அந்த ஸல்ஹாவுக்கு என் ஸலாம் சொல்லு. அவ நாக்கு நீளத்துக்கு அவ புருசன் எப்படி வீட்டுக் கதவ மூடறான்னும் கேளு.

நான் போனேன். ஆமா, உள்ளதான். முன்னாடி போகலியான்னு கேக்காத. வாசல்ல ஒரு ஒலிவ மரம் நிக்குது. அதோட நெழலு என்னை விட்டாத்தான. ஏத்திட்டு வந்த ஆளுங்க பாத்துட்டு வர்ற வரைக்கும் நான் படுத்திருப்பேன். எழுந்து போயி என்ன பண்ண? சனங்க வந்து சொல்றதக் கேட்டு அடுத்த சனத்துக்குச் சொல்லுவேன். கடலு எந்தச் சனத்துக்கிட்டேருந்து வந்துச்சுன்னு தெரியல.

தெபூர்ஸூக் வரைக்கும் லுவாஜுல போனேன், பின் சீட்டு. நான் பின் சீட்டுல உக்காந்தா வண்டியே சிரிக்குது. அங்கேருந்து ஒரு வைக்கோல் வண்டிக்காரன் மேல ஏத்தி விட்டான். வாசல்ல காவக்காரன் டிக்கெட் கேட்டான். "டேய், இந்த மரத்தடியில நான் படுத்த எடத்துல பள்ளம் விழுந்திருக்கு, எனக்கே டிக்கெட்டா?"ன்னேன். "பள்ளத்துக்கு டிக்கெட் இல்ல, உள்ள போகத்தான்"னான். வாங்கிட்டேன்.

மன்னூபியா, அது ஒரு ஊரு. கல்லுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தெரு இருக்கு, சந்து இருக்கு, வாசப்படி தேஞ்சிருக்கு. தெருவுல வண்டிச் சக்கரம் போன தடம் இருக்கு. எந்தப் பக்கம் போறோம்னு தெரியாம எறங்கினேன், ஏறினேன். எங்க சுத்தினாலும் திரும்பத் திரும்ப ஒரே எடத்துல வந்து நிக்கிறேன். எந்த எடம்னு நெனக்கிற? கக்கூசு. வளைஞ்ச கல்லு பெஞ்சியில வரிசையா பன்னெண்டு ஓட்டை, மறைப்பு கெடையாது. பன்னெண்டு பேரு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்காங்க. என் வண்டிய விட நாலு சீட்டு ஜாஸ்தி. கால் வலிச்சுது, அங்கயே உக்காந்துட்டேன். காவக்காரன் தேடிக்கிட்டு வந்தான். "தாத்தா, அதுல இப்ப தண்ணி வராது"ன்னான்.

அவன்தான் அரங்கத்துக்குக் கூட்டிப் போனான். என்ன உச்சிப் படியில உக்கார வச்சுட்டு அவன் கீழ மேடையில எறங்கி நின்னான். கையகல உருவமாத் தெரிஞ்சான். அங்கேருந்து மெதுவா, ரகசியம் சொல்ற மாதிரி, "தாத்தா, சொக்காய்ப் பித்தான் மாத்திப் போட்டிருக்கீங்க"ன்னான். காதுக்குள்ள சொன்ன மாதிரி கேட்டுச்சு.

நீ கேட்டதுக்குப் பதில். கடலு தெரியல. கோதும தெரியுது, பச்சையா, கண்ணு போற வரைக்கும். ஒலிவத் தோப்பு தெரியுது. ரோடு தெரியுது, அதுல ஒரு லுவாஜ் எறும்பு மாதிரி போச்சு. அது நான்தான்னு தோணிச்சு. வாசல்ல அந்த மரமும் தெரிஞ்சுது. அது அடியில யாருமில்ல.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒரு தடவயாவது ஏன் எழுந்து உள்ள போகல? உன்ன ஏன் கூட்டிப் போகல? நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். காரணம்னு ஒண்ணும் கெடைக்கல. காரணம் இருந்தாலாவது அதச் சொல்லி உங்கிட்ட திட்டு வாங்கலாம்.

ஏப்ரல் 7, சனிக்கெழம. காலையில பதினொரு மணிக்கு துனிஸுல பெரிய ரோட்டுக் கோடியில ஒரு ஒசரமான கடியாரக் கோபுரம் நிக்குதே, அது அடியில நில்லு. வீட்டுக்கு நான் வரல, மாப்பிள்ள முன்னாடி ஒம் மககிட்ட வாங்கிக் கட்டிக்க என்னால ஆகாது. அங்கேருந்து ரெண்டு பேரும் நேரா துக்கா. நீ பேச வேண்டாம், பக்கத்துல உக்காந்து வந்தாப் போதும்.

ஷாத்லி


துனிஸ்
26 மார்ச் 2018

ராதியாவின் வாப்பாவுக்கு,

கோதுமையும் எறும்பு மாதிரி ஒரு வண்டியும் என்று எழுதியிருந்தீர்கள். ஸல்ஹாவுக்கு வாசித்தேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "மச்சான் போயிட்டு வந்துட்டாரு" என்றாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன். தபூனா ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டு வருவேன். வெள்ளை ஸஃப்ஸாரி போர்த்தியிருப்பேன், கூட்டத்தில் அடையாளம் தெரியும். உங்களுக்காக உங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி கடைத்தெருவில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

துக்காவுக்குப் போனால் தெஸ்தூர், இல்லையென்றால் லியோன்தான் என்று ராதியாவிடம் சொல்லிவிட்டேன். இதை மிரட்டுவதற்காக எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அல்லா நாடினால் சந்திப்போம்.

மன்னூபியா


தெஸ்தூர்
8 ஏப்ரல் 2018

மன்னூபியாவுக்கு,

நேத்து லேட்டாயிட்டுது, ஒத்துக்கறேன். ரெண்டு மணி நேரம் லேட்டு. அதுக்காக ஒரு மனுசி போயிடறதா? எட்டாவது ஆளுக்காக நான் ஸ்டாண்டுல எத்தன மணி நேரம் காத்துக் கெடந்திருக்கேன். எனக்காக ரெண்டு மணி நேரம் உன்னால நிக்க முடியல.

காலையில எட்டரைக்குக் கெளம்பினேன். மெஜஸ் பக்கத்துல ஆட்டு லாரி ஒண்ணு குறுக்க நின்னுது, ஆடுங்க எறங்கி மேய ஆரம்பிச்சுட்டுது. பாப் ஸாதூன்ல எறங்கி டிராம் புடிச்சு, நடந்து, கோபுரத்துக்கிட்ட வந்து அண்ணாந்து பாத்தா மணி ஒண்ணு. சுத்திப் பாத்தேன், வெள்ள ஸஃப்ஸாரி ஒண்ணுமில்ல. இவ பதினொண்ணுக்கு வந்திருப்பா, பாத்திருப்பா, திட்டிட்டுப் போயிருப்பான்னு தெரிஞ்சுபோச்சு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்கு வர? அப்படியே திரும்பிட்டேன்.

புதுச் சொக்கா போட்டிருந்தேன். பித்தானெல்லாம் சரியா.

ஷாத்லி


துனிஸ்
10 ஏப்ரல் 2018

ஷாத்லி அவர்களுக்கு,

பதினொன்று அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் கோபுரத்தடியில் நின்றேன். நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டது, நின்றேன். நீங்கள் சொல்கிற ஒரு மணிக்கும் நின்றேன். பிற்பகல் அஸர் பாங்கு வரைக்கும் நின்றேன். நடுவில் தூறல். போலீஸ்காரப் பையன் ஒருவன் இரண்டு தடவை வந்து, "உம்மா, யாரையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டான். முட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு வந்திருந்தால் என் மேல் மோதியிருப்பீர்கள். நீங்கள் வரவில்லை. ஆட்டு லாரி நன்றாக இருந்தது. கப்பல் மாதிரி.

எனக்குக் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் நின்றபோதுகூட இவ்வளவு அசதி இல்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது. ராதியாவிடம் சரி என்று சொல்லப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னூபியா


தெஸ்தூர்
13 ஏப்ரல் 2018

மன்னூபியா,

இத முழுசாப் படிச்சுட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போ.

நான் வந்தேன். அல்லா மேல ஆணையா வந்தேன். நான் பொய் சொல்றவன்தான். கடலச் சொன்னேன், கப்பலச் சொன்னேன், அதெல்லாம் உன்னச் சிரிக்க வைக்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?

நீ அஸர் வரைக்கும் நின்னேங்கிறே. நீ பொய் சொல்ல மாட்டே. நான் ஒரு மணிக்கு வந்தேன். அதுவும் பொய்யில்ல. ரெண்டும் எப்படி நெசமாகும்? மூணு நாளா காப்பிக்கடையில இதத்தான் பேசறோம். பெல்காசிம் கோபுரம் ரெண்டு இருக்கும்ங்கிறான். இன்னொருத்தன் ஜின்னுங்கிறான். எனக்குத் தல சுத்துது.

பாத்தத அப்படியே எழுதறேன். கோபுரம் ஒசரம், எண்ணு தெரியல. ஆனா முள்ளு நல்லாத் தெரிஞ்சுது. பெரிய முள்ளு உச்சியில. சின்ன முள்ளு உச்சிக்கு ஒரு எடம் தள்ளி இடக்கைப் பக்கம். நம்ம மினாராவுல ஒரு மணிக்கு நிக்கிற அதே எடம். தப்பு நடக்க வழியே இல்ல. தெனம் பாக்கிறேன்.

ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குது. திரும்பி பாப் ஸாதூன் வந்து லுவாஜுல ஏறி உக்காந்தப்புறந்தான் லுஹர் பாங்கு கேட்டுச்சு. என் கணக்குப்படி ரெண்டரை ஆகியிருக்கணும். "என்னய்யா, துனிஸுல மோதினாரு தூங்கிட்டாரா, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாங்கு சொல்றாரு?"ன்னு டிரைவர்கிட்ட கேட்டேன். அவன் என்ன ஒரு மாதிரியாப் பாத்தான். தண்ணி குடிங்க பெரியவரேன்னான்.

எனக்கு வயசாயிடுச்சா மன்னூபியா? புத்தி பெசகிடுச்சா? நெசத்தச் சொல்லு. நீ சொன்னா நம்பறேன்.

ஷாத்லி


துனிஸ்
15 ஏப்ரல் 2018

என் பழைய கல்லுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். முள்ளைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். திரும்பப் படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ராதியா ஓடிவந்து, "உம்மா, ஏன் அழறே?" என்றாள். அழவில்லை. எனக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை.

உங்களுக்குப் புத்தி பிசகவில்லை. உச்சிக்கு ஒரு இடம் இடப்பக்கம் என்றால் நம் ஊர் மினாராவில் ஒரு மணி. துனிஸில் அது பதினொன்று. லியோனிலும் பதினொன்று. உலகம் பூராவும் பதினொன்று. நீங்கள் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு வந்து நின்றீர்கள், வாழ்நாளில் முதல் தடவையாக. நின்றுவிட்டுத் தெஸ்தூர்க் கடிகாரத்தைத் துனிஸில் பார்த்தீர்கள். நான் டிராமிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் முதுகு அந்தப் பக்கம் போயிருக்கும். இந்தத் தப்பை நம்ம ஊர்க்காரன் ஒருத்தனால்தான் செய்ய முடியும்.

மோதினாரு தூங்கலீங்க. பாவம், அவரத் திட்டாதீங்க.

சிரிச்சு முடிச்சப்புறம் ஒண்ணு யோசிச்சேன். இத நான் லியோன்ல யார்கிட்டச் சொல்லுவேன்? சொன்னாலும் அவங்களுக்கு மொதல்ல கடியாரத்தப் பத்திச் சொல்லணும், லுவாஜப் பத்திச் சொல்லணும், உங்களப் பத்திச் சொல்லணும். அதுக்குள்ள எனக்கே அலுத்துடும். ராதியாகிட்டச் சொல்லிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தந்தான். பாஸ்போர்ட்ட அவ பீரோவுலயே வச்சுட்டேன். வருசத்துக்கொரு தடவ புள்ளையப் பாத்துட்டு வர உதவும்.

வீட்டுக்கு நான் வரல, இப்ப இல்ல. சத்தியம் சத்தியந்தான். நீங்க வெள்ளிக்கெழம காலையில துக்காவுக்குப் போங்க. வாசல்ல உங்க மரத்தடியில உக்காருங்க. நான் நேரா பாப் ஸாதூன்லேருந்து வர்றேன். எத்தன மணிக்குன்னு கேக்காதீங்க, நமக்கும் மணிக்கும் ஆகாது. சீட்டு ரொம்பினதும் வண்டி கெளம்பும், நான் வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கணும். தூங்கலாம். கெளம்பக் கூடாது.

டிக்கெட் ரெண்டா வாங்கி வைங்க. அந்தப் பன்னெண்டு ஓட்டையக் கடைசியாக் காட்டுங்க. மொதல்ல அரங்கம். நீங்க உச்சிப் படியில ஏறி உக்காந்துக்கங்க, முட்டி வலிச்சா நின்னு நின்னு ஏறுங்க. நான் கீழ மேடையில நிப்பேன். காட்டியாச்சுன்னா சத்தியம் தீர்ந்துது, அப்புறம் நான் பேசலாம். நாப்பது வருசத்து வெள்ளிக்கெழமையும் சேத்து வச்சிருக்கேன், எல்லாத்தையும் மெதுவாத்தான் சொல்லுவேன். மேல வரைக்கும் கேக்கும்னு நீங்கதான எழுதினீங்க.

பாலாடைக்கட்டி கொண்டு வாங்க. முட்ட நான் கொண்டு வர்றேன்.

மன்னூபியா